கடல்ல கொளுத்துற ஃப்ளேர்: ராக்கெட், கை ஃப்ளேர், பொகை டப்பா, எல்லாம் வாங்கி கொஞ்சம் பயன்படுத்தியும் பாத்தவனோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இது பேண்ட் ரிவ்யூ இல்ல. ஃப்ளேர்னு டைப் பண்ணி தேடுனா கால்கிட்ட குடை மாதிரி விரிஞ்ச பேண்ட்டா தான் வந்து கொட்டுது, அதுக்கு கீழ அனார்கலி சுடிதார், அதுக்கும் கீழ ஏசி மெக்கானிக் செப்புக் குழாய் நுனிய விரிக்கிற டூலு. நான் தேடுனது விசைப்படகுல வைக்கிற ஆபத்து சிக்னல். எங்க சித்தப்பா அத ஃப்ளேர்னே சொல்ல மாட்டாரு, "மத்தாப்பு வாங்கிட்டியாடா"ன்னு தான் கேப்பாரு. ஒரு வகையில அவரு சொல்றது தான் சரி, அதுக்கு அப்புறம் வர்றேன்.

நாகப்பட்டினம் பக்கம் எங்க வீட்டுக்கு ஒரு விசைப்படகு இருக்கு, தங்கு கடல் போற போட்டு, அதாவது சில நாள் கடல்லயே தங்கி மீன் புடிக்கிறது. 2022ல மீன்பிடி தடைக்காலம், அதான் ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அப்ப போட்ட கரையேத்தி பெயிண்ட் அடிச்சு எஞ்சின் வேலை பாத்துட்டு இருந்தோம். அப்பா சொன்னாரு உயிர்காக்குற சாமான்லாம் பாத்து வாங்கிடு, லைஃப் ஜாக்கெட் கிழிஞ்சு கெடக்கு, ராக்கெட்டு எப்ப வாங்குனதுன்னே தெரியலன்னு. எடுத்துப் பாத்தா லேபிள் பூரா உப்புக் காத்துல வெளுத்துப் போயி தேதி இருந்த எடமே தெரியல. சரின்னு எஞ்சின் மெக்கானிக்குகிட்ட "அண்ணே ஃப்ளேர் எங்க கெடைக்கும்"னு கேட்டா அவரு டீசல் லைன்ல போடற ஃப்ளேர் நட்ட எடுத்து நீட்டுறாரு. போட் கட்டுற ஆசாரிகிட்ட கேட்டிருந்தா அணியத்த காட்டியிருப்பாரு, ஏன்னா போட்டு மூக்கு தண்ணிக்கு மேல வெளிப்பக்கமா விரிஞ்சு போகுதுல்ல, அலை அடிச்சா தண்ணி மேல ஏறாம வெளிய தெறிக்கிற மாதிரி, அதுக்கும் ஃப்ளேர்னு தான் பேரு. தங்கச்சிகிட்ட கேட்டா எத்தன மீட்டர் துணின்னு கேப்பா. ஒரே வார்த்த, ஆளாளுக்கு ஒரு சாமான். யோசிச்சுப் பாத்தா எல்லாத்துக்கும் உள்ள விரியறது தான் விஷயம், நெருப்பு விரியறது, துணி விரியறது, குழாய் விரியறது. அந்த பெல்பாட்டம் பேண்ட்டு கூட மாலுமிங்க போட்டதுலேந்து வந்தது தான், டெக்கு கழுவறப்ப முட்டிக்கு மேல சுருட்டிக்க வசதின்னு சொல்வாங்க. எங்க அப்பா கல்யாண போட்டோவுல அதப் போட்டுட்டு நிக்கிறாரு, ஆனா டெக்கு கழுவுன மாதிரி தெரியல.

சரி சாமானுக்கு வருவோம். நான் வாங்குனது 4 பாராசூட் ராக்கெட், 4 கை ஃப்ளேர், 2 ஆரஞ்சு பொகை டப்பா. கம்பெனி பேரு கடை பேரு ரெண்டும் எழுதப் போறதில்ல, ஏன்னா கொஞ்சம் திட்டப் போறேன். சென்னைல மண்ணடி பக்கம் கப்பல் சாமான் விக்கிற கடைங்க இருக்குல்ல, அதுல ஒண்ணு. இது வெடிமருந்து கணக்குல வர்ற சாமான், சாதாரண கூரியர்ல அனுப்ப முடியாது, ரயில்ல பைக்குள்ள வச்சுக்கிட்டு வர்றதும் கூடவே கூடாது, அதனால ஆன்லைன்ல அமுக்குனா நாளைக்கே வீட்டு வாசல்ல வந்து நிக்கும்னு நெனச்சா ஏமாந்துடுவீங்க. கடைக்காரரே பர்மிட் உள்ள லாரில போட்டு விட்டாரு, வந்து சேர பன்னெண்டு நாள். விலை, ராக்கெட் ஒண்ணுக்கே நாலு இலக்கம், கை ஃப்ளேர் அதுல பாதி கூட இல்ல.

பெட்டிய பிரிச்சதும் மொத கடுப்பு தேதி. இதுக்கு ஆயுசு பொதுவா தயாரிச்ச நாள்லேந்து 3 வருஷம். நான் மே மாசம் வாங்குறேன், குழாய் மேல தயாரிச்ச தேதி போன வருஷம் ஆகஸ்ட். அதாவது 36 மாசத்துக்கு காசு குடுத்து 27 மாசம் தான் வாங்கியிருக்கேன், முக்கால்வாசி. பாலு பாக்கெட்ல தேதி பாக்குறோம், ரொட்டில பாக்குறோம், உசுரு காக்குற சாமான்ல பாக்கணும்னு எனக்கு தோணல, தப்பு என்மேல தான். ஃபோன் பண்ணி கேட்டேன், "தம்பி இதுவே புது ஸ்டாக்கு தான்"ங்கறாரு.

ரெண்டாவது கடுப்பு, 4 கை ஃப்ளேர்ல 2 தான் செவப்பு, மிச்சம் 2 வெள்ள. நான் அப்ப வெள்ளன்னா வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கும் போலன்னு சந்தோசமா வச்சுக்கிட்டேன், அப்புறம் படிச்சா தான் தெரியுது வெள்ள ஃப்ளேர் ஆபத்து சிக்னலே இல்ல. பெரிய கப்பலு நம்மள கவனிக்காம நேரா வந்துட்டு இருக்குன்னா "டேய் இங்க ஒருத்தன் இருக்கேன், திருப்பு"ன்னு காட்டறதுக்கு அது. காப்பாத்துங்கன்னு கேக்கறது செவப்பு மட்டும் தான், 1972ல போட்ட சர்வதேச கடல் விதியோட பின்னிணைப்புல ஆபத்து சிக்னல் என்னென்னன்னு வரிசையா எழுதியிருக்கு, செவப்பு ராக்கெட், செவப்பு கை ஃப்ளேர், ஆரஞ்சு பொகை, தார் பீப்பாயில தீ வச்சு எரிக்கிறது, ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி மெதுவா மேல கீழ ஆட்டறது எல்லாம் அதுல இருக்கு. வெள்ளைய மாத்திக் குடுங்கன்னா திருப்பி அனுப்பறது வாங்குனத விட பெரிய வேலை, அதனால அப்படியே வச்சுக்கிட்டோம். நம்ம பக்கம் கப்பல் போற வழில வல போடறவங்க உண்மையிலயே வெள்ளையும் ரெண்டு வச்சிக்கலாம், ஆனா வேற டப்பால வைங்க, இருட்டுல கைல எது வருதோ அத கொளுத்துனா கதையே மாறிடும்.

இப்ப சரக்கு தரம். சோலாஸ்னு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, கப்பல்ல உயிர்காக்குற சாமான்லாம் எப்படி இருக்கணும்னு அதுல கணக்கு போட்டு வச்சிருக்கான். அதுப்படி ராக்கெட்டு கொறஞ்சது 300 மீட்டர் மேல போகணும், மேல போயி பாராசூட் விரிஞ்சு 40 செகண்டாவது எரியணும், வெளிச்சம் 30,000 கேண்டெலாவுக்கு கொறையக் கூடாது, அதாவது ஏறக்குறைய 30,000 மெழுகுவத்திய ஒரே எடத்துல ஏத்துன மாதிரி. எறங்கற வேகம் செகண்டுக்கு 5 மீட்டருக்கு மேல போகக் கூடாது. இதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, 40 செகண்டு, 5 மீட்டர், பெருக்குனா 200 மீட்டர், 300லேந்து கழிச்சா அணையறப்பவும் நம்ம தலைக்கு மேல 100 மீட்டர் ஒசரத்துல தான் இருக்கு, எரியற நெருப்பு போட்டு மேலயே வந்து விழாது. கணக்கு போட்டவன் யோசிச்சு தான் போட்டிருக்கான்.

கை ஃப்ளேர் 60 செகண்டு, 15,000 கேண்டெலா. தண்ணில 10 சென்டிமீட்டர் ஆழத்துல 10 செகண்டு முக்கி எடுத்தாலும் எரிஞ்சுட்டே இருக்கணும். அது எப்படின்னா எரியறதுக்கு தேவையான ஆக்சிஜன் மருந்துக்குள்ளயே இருக்கு. மெக்னீசியம் எரியுது, ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டு ஆக்சிஜனையும் குடுக்குது செவப்பு கலரையும் குடுக்குது. சிவகாசி செவப்பு மத்தாப்புலயும் செவப்பு வர்றது இதே ஸ்ட்ரான்ஷியத்தால தான், அதனால தான் சித்தப்பா சொல்றது சரின்னு சொன்னேன். பொகை டப்பா தண்ணில மெதந்துக்கிட்டே 3 நிமிஷம் ஆரஞ்சு பொகை விடணும், அதுல தீ வராது, டீசல் கொட்டிக் கெடந்தாலும் பயமில்லாம போடலாம், ஆனா பகல்ல தான் பிரயோஜனம், ராத்திரில போட்டா நமக்கே தெரியாது.

எவ்ளோ தூரம் தெரியும்னு எல்லாரும் கேக்குறாங்க. பூமி உருண்டைங்கறதால ஒசரம் தான் கணக்கு. 300 மீட்டர் ஒசரத்துல இருக்குற வெளிச்சம் மறைவு இல்லாம 60 கிலோமீட்டருக்கு மேல எட்டும், கைல புடிச்ச ஃப்ளேரு தண்ணிக்கு மேல 3 மீட்டர்னு வச்சா, பாக்கறவனும் ஒரு போட்டுல நிக்கிறான்னா 12 கிலோமீட்டர் வரைக்கும், அதுக்கு அந்தாண்ட கடலே மறைச்சுடும். இது வெறும் கோட்டுக் கணக்கு, மழை மூட்டம், தூரத்துல வெளிச்சம் மங்கறது எல்லாம் சேத்தா நெசத்துல இத விட கம்மி தான். அதனால ராக்கெட்டு "இங்க யாரோ இருக்காங்க"ன்னு தூரத்துல இருக்கறவன கூப்புடறதுக்கு, கை ஃப்ளேரு கிட்ட வந்தவனுக்கு "இதோ இங்க"ன்னு எடம் காட்டறதுக்கு. இத மாத்தி செஞ்சா ரெண்டும் வேஸ்ட்டு. எங்களுக்கும் இது பாடமா தெரிஞ்சது அப்புறம் தான்.

2023 செப்டம்பர்ல நானும் போட்டுல போயிருந்தேன். கோடியக்கரைக்கு கெழக்க, ராத்திரி பதினோரு மணி இருக்கும், எவனோ விட்டுட்டுப் போன அறுந்த வல எங்க புரொப்பல்லர்ல சுத்திக்கிச்சு. எஞ்சின் திணறி நின்னுடுச்சு. கச்சான் காத்து, அதான் மேக்குலேந்து அடிக்கிறது, போட்டு வெளிய வெளிய போயிட்டே இருக்கு, கடல் எழும்பி அடிக்குது, கீழ எறங்கி வலைய அறுக்கலாம்னு ஒரு தம்பி இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு குதிக்கப் போனான், டிரைவர் மாமா சட்டைய புடிச்சு இழுத்துட்டாரு, இருட்டுல போட்டு வந்து மண்டைல அடிச்சா அவ்ளோ தான். வயர்லெஸ்ல 16ங்கற ஆபத்து சேனல்ல கூப்புட்டோம், கரகரன்னு சத்தம் தான். அப்ப எங்க போட்டுல, சேட்டிலைட் வழியா கரைக்கு தகவல் அனுப்பற ட்ரான்ஸ்பாண்டர் இல்ல. தூரத்துல ரெண்டு மூணு வெளிச்சம் தெரியுது, எந்த ஊரு போட்டுன்னு தெரியல.

சரி ராக்கெட்ட எடுன்னாரு மாமா. எடுத்தா ஒருத்தனுக்கும் எப்படி விடறதுன்னு தெரியல. குழாய் மேல எழுதியிருக்கறது பூரா இங்கிலீஷு, படம் இருக்கு, படம் நல்லா தான் இருக்கு, ஆனா டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு ஆடற போட்டுல ஒரு இன்ச்சு படத்த பாத்து எது மேல எது கீழன்னு கண்டுபுடிக்கிறது பரிட்சை மாதிரி இருந்துச்சு. கீழ் மூடிய திருகுனா ஒரு கயிறு தொங்குது, அத வேகமா இழுக்கணும். நேரா மேல புடிச்சு, காத்து பலமா இருந்தா காத்து போற பக்கம் கொஞ்சம் சாய்க்கணும், ஏன்னா ராக்கெட்டு காத்த எதுத்து மூக்க திருப்பிக்கும். இத நான் முன்னாடியே படிச்சு வச்சிருந்தேன், அது ஒண்ணு தான் அன்னிக்கு நான் செஞ்ச உருப்படியான காரியம். மாமா இழுத்தாரு. ஒரு நொடி ஒண்ணும் ஆகல, போச்சு டூப்ளிகேட்டுன்னு நெனச்சேன், அடுத்த நொடி கை உதற மாதிரி ஒரு வெட்டு, ஸ்ஸ்ஸுனு மேல போயி காணாமப் போயி, அப்புறம் மேகத்துக்கு கீழ செவப்பா ஒரு பந்து. கடல் பூரா செவப்பு. வல, ஐஸ் பெட்டி, ஒவ்வொருத்தன் மூஞ்சி, எல்லாம் செவப்பு. நாப்பது செகண்டு எண்ணிக்கிட்டே இருந்தேன், 44 வரைக்கும் எரிஞ்சுது.

அணைஞ்சுது. யாரும் திரும்பல.

இங்க தான் தப்பு பண்ணோம். மிச்சம் மூணு தான் இருக்கு, பத்திரமா வைப்போம்னு மாமா இருபது நிமிஷம் காத்திருந்தாரு. அதுக்கப்புறம் ரெண்டாவத விட்டோம், தெக்குப் பக்கம் தெரிஞ்ச ஒரு வெளிச்சம் மெதுவா திரும்புற மாதிரி இருந்துச்சு, திரும்பிடுச்சு. பொழுது விடியறதுக்கு முன்னாடி பக்கத்து ஊரு போட்டு ஒண்ணு வந்து கயிறு போட்டு இழுத்துக்கிட்டு வந்தாங்க. கரைல டீ குடிக்கிறப்ப அந்த டிரைவரு சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு: "மொத வெளிச்சத்த பாத்தேன் தம்பி, கல்யாண வாணம்னு நெனச்சிட்டேன், நடுக்கடல்ல ஏதுடா கல்யாணம்னு யோசிக்கிறதுக்குள்ள அணைஞ்சு போச்சு. எந்தப் பக்கம்னே புடிபடல. ரெண்டாவது வந்தப்ப தான் காம்பஸ பாத்தேன்." மொத ராக்கெட்டு அவன திரும்பிப் பாக்க வைக்கிறதுக்கு, ரெண்டாவது தான் திசைய புடிக்கிறதுக்கு. அதனால ரெண்டையும் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷ இடைவெளில விட்டுடணும், சிக்கனம் பாக்கக் கூடாது. அப்புறம் மிச்சம் ரெண்ட, அடுத்த வெளிச்சம் கண்ணுல படற வரைக்கும் வச்சிக்கலாம்.

டைட்டானிக் கதைலயே இது இருக்கு. 1912ல அந்தக் கப்பல் ஏறக்குறைய 8 ராக்கெட் விட்டுது, அத்தனையும் வெள்ள, அப்ப செவப்புன்னு முடிவாகல. பக்கத்துல பனிக்கட்டில நின்னுட்டு இருந்த கலிஃபோர்னியன் கப்பல்ல டூட்டில இருந்தவங்க அத பாத்தாங்க, கேப்டன்கிட்டயும் சொன்னாங்க, கம்பெனி சிக்னலா, அதாவது ஒரு கம்பெனி கப்பலுங்க தங்களுக்குள்ள காட்டிக்கறதா என்னன்னு கேட்டுட்டு விட்டுட்டாங்க. பாக்காம இல்ல, பாத்துட்டு தான் விட்டாங்க. எங்க கல்யாண வாணம் மாதிரியே.

கை ஃப்ளேர் கதைய விட்டுட்டேனே. அந்தப் போட்டு ஒரு கிலோமீட்டருக்குள்ள வந்ததும் நம்மள தாண்டிப் போயிடக் கூடாதுன்னு கை ஃப்ளேர் ஒண்ண கொளுத்துனோம். ஒரு சின்னப் பையன், மொத தடவ கடலுக்கு வந்தவன், ஆர்வத்துல வாங்கி தலைக்கு மேல நேரா புடிச்சுட்டான், அதுவும் காத்து வர்ற பக்கம் நின்னுக்கிட்டு. இது மத்தாப்பு மாதிரி பொறி இல்ல, உருகுன உலோகம் சொட்டு சொட்டா விழும். ரெண்டு சொட்டு அவன் காலடில இருந்த நைலான் வல மேல விழுந்து புஸ்ஸுனு ஓட்ட, பிளாஸ்டிக் கருகற நாத்தம், ஒருத்தன் பக்கெட் தண்ணியோட ஓடியாறான், மாமா கத்துறாரு "கைய வெளிய நீட்டுடா, வெளிய நீட்டு". கைய போட்டுக்கு வெளிய, காத்து போற பக்கம், கொஞ்சம் சாய்வா நீட்டிப் புடிக்கணும், மூஞ்சிய திருப்பிக்கணும். அவன் நேரா பாத்துட்டான், அஞ்சு நிமிஷத்துக்கு கண்ணுல வெறும் பச்ச வட்டம். 60 செகண்டுங்கறது கைல புடிச்சு நின்னவனுக்கு தான் தெரியும் எவ்ளோ நேரம்னு. முடிஞ்சதும் குழாய் கொதிக்கும், கடல்லயோ மண் வாளிலயோ போட்டுடணும், டெக்குல வச்சா பைபர்ல வட்டமா தழும்பு விழும்.

அதனால சரக்கு தரத்துக்கு நான் முழு மார்க் குடுப்பேன், வாங்குறப்பவே 9 மாசம் பழசுன்னாலும் விட்ட ரெண்டு ராக்கெட்டும் எரிஞ்சுது, கொளுத்துன ஒரு கை ஃப்ளேரும் எரிஞ்சுது, சொன்ன நேரத்துக்கு மேலயே எரிஞ்சுது. மார்க்க கொறைக்கிறது லேபிளுக்கு. நாகப்பட்டினத்துலயும் ராமேஸ்வரத்துலயும் தூத்துக்குடியிலயும் விக்கிற சாமான்ல ஒரு வரி தமிழ்ல போட்டா என்ன கொறஞ்சு போயிடும். நான் இப்ப என்ன பண்ணியிருக்கேன்னா குழாய் ஒவ்வொண்ணு மேலயும் மார்க்கர்ல "இது மேல்", "இதத் திருகு", "இத இழு"ன்னு எழுதி அது மேல ட்ரான்ஸ்பரன்ட் டேப்பு ஒட்டிட்டேன், எல்லாத்தையும் திருகு மூடி உள்ள பிளாஸ்டிக் டிரம்முல போட்டு வீல் ஹவுஸ் வாசல்லயே வச்சிருக்கு. முன்னாடி எஞ்சின் ரூம்ல வச்சிருந்தோம், சூட்டுல வைக்கக் கூடாத சாமான, சூட்டுலயே. இதையும் படிக்காதவன் மேல தான் போடணும், அதாவது எங்க மேல.

இத கண்டுபுடிச்சது யாருன்னு தேடுனப்ப ஒரு ஆச்சரியம். அமெரிக்காவுல மார்த்தா காஸ்டன்னு ஒரு அம்மா, 1848ல புருஷன் செத்துப் போயி புள்ளைங்களோட நிக்கிறாங்க, அவரு நோட்டுல ராத்திரில கப்பலுங்க கலர் நெருப்பால பேசிக்கிறதுக்கு ஒரு அரகொற யோசன எழுதி வச்சிருக்காரு, மருந்து செய்யற பக்குவம் இல்ல. இவங்க பத்து வருஷம் ஒவ்வொரு மருந்துக்காரனா புடிச்சு செஞ்சு பாத்தாங்க. செவப்பும் வெள்ளையும் வந்துடுச்சு, மூணாவது கலர் வரல. 1858ல அட்லாண்டிக் கடல்ல தந்திக் கம்பி போட்டதுக்கு நியூயார்க்ல வாணவேடிக்க விட்டாங்க, அத பாத்து தான் வாணக்காரங்க கிட்டயே கேப்போம்னு தோணியிருக்கு, பச்ச கெடச்சுது. 1859 ஏப்ரல்ல பேடண்ட், அதுவும் செத்துப் போன புருஷன் பேர்ல தான், இவங்க அவரோட சொத்த பாத்துக்கறவங்கன்னு போட்டு. தன் சொந்தப் பேருக்கு ஒரு பேடண்ட் வாங்க 1871 ஆச்சு. ஆக நம்ம சித்தப்பா மட்டும் இல்ல, அந்தம்மாவும் மத்தாப்புக்காரங்க வழியா தான் வந்திருக்காங்க.

அதே 1859 செப்டம்பர்ல தான் கேரிங்டன்னு ஒரு இங்கிலாந்துக்காரரு சூரியன பாத்துட்டு இருக்கறப்ப பளீர்னு ஒரு வெளிச்சத்த மொத தடவையா பாத்து எழுதி வச்சாரு, அது சோலார் ஃப்ளேர். என் அக்கா மவன் கேட்டான் மாமா சூரியன்ல ஃப்ளேர் வந்தா நம்ம போட்டு ஜி.பி.எஸ் நின்னுடுமான்னு. பெரிசா வந்தா பகல் பக்கத்துல ஷார்ட்வேவ் ரேடியோ கொஞ்ச நேரம் படுத்துக்கும், ஜி.பி.எஸ்ஸும் தடுமாறலாம், அதெல்லாம் பாக்க தான் 2023 செப்டம்பர் 2ல ஆதித்யா எல்1 விட்டாங்க, அதோட திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரங்கன்னு சொன்னேன். பையனுக்கு ரேடியோல இஷ்டம் இல்ல, செங்கோட்டை எங்க இருக்குன்னு கேட்டான். ஆனா கேள்வி நல்ல கேள்வி, ஏன்னா எலக்ட்ரானிக்ஸ் எது நின்னாலும் இந்த மத்தாப்பு நிக்காது, பேட்டரி வேணாம், டவர் வேணாம்.

அதுக்காக இத மட்டும் நம்பி போவாதீங்க. இது 40 செகண்டு, அந்த நேரத்துல அந்தப் பக்கம் ஒருத்தன் முழிச்சுட்டு இருக்கணும். ட்ரான்ஸ்பாண்டரோ, கோஸ்ட் கார்டு, அதான் கடலோரக் காவல் படை, சொல்ற டேட்ங்கற ஆபத்து தகவல் கருவியோ இருந்தா பட்டன அமுக்குனா சேட்டிலைட் வழியா தகவல் போயிடும், புது டேட்ல தகவல் வந்து சேந்துச்சுன்னு பதிலும் வரும். கரைலேந்து கூப்புடறதுக்கு கோஸ்ட் கார்டு நம்பர் 1554. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் வந்தப்ப கன்னியாகுமரி பக்கம் கரைக்குத் திரும்பாம போனவங்க எத்தன பேரு, அதுக்கப்புறம் தான் இதெல்லாம் வேகம் புடிச்சுது. எல்.ஈ.டி ஃப்ளேர்னு பேட்டரில மினுக்கறது ஒண்ணும் விக்கிறான், அமெரிக்காவுல பொழுதுபோக்கு போட்டுக்கெல்லாம் சிலத ஒத்துக்கறாங்க, சோலாஸ் ராக்கெட்டுக்கு பதிலா ஆகாது, கூடுதலா வச்சிக்கலாம்.

விளையாட்டுக்கு கொளுத்தறவங்களுக்கு ஒண்ணு. ஆயுசு முடிஞ்சத திருவிழாவுல விடலாம்னு எங்க தெருவுலயே ரெண்டு பேரு கேட்டாங்க, நான் குடுக்கல. 1993 நவம்பர்ல கார்டிஃப்ல வேல்ஸ் ருமேனியா புட்பால் மேட்சுல இதே கப்பல் ஃப்ளேர ஸ்டேடியத்துக்குள்ள விட்டாங்க, எதிர் கேலரில உக்காந்திருந்த பெரியவரு செத்துட்டாரு. 2013ல பொலிவியாவுல ஒரூரோங்கற ஊர்ல 14 வயசு பையன், அதுவும் புட்பால், அதுவும் கப்பல் ஃப்ளேர். 300 மீட்டர் மேல போறத குறுக்கால விட்டா என்ன ஆகும். அதோட சும்மா விட்டா பாத்தவன் நெசம்னு நெனச்சு எஞ்சின திருப்பிக்கிட்டு வருவான், டீசல் அவன் காசு, அடுத்த தடவ நெசமா விட்டா வர மாட்டான். பழசு என்ன பண்றதுங்கறது தான் தலைவலி, மண்ணடி கடைக்காரரு திருப்பி வாங்க மாட்டேன்னுட்டாரு, கடல்ல வீசவும் கூடாது குப்பைல போடவும் கூடாது, விக்கிறப்பவே பழச வாங்கிக்கற கடையா பாத்துக்கங்க.

2024ல ரெண்டாவது தடவ வேற கடைல வாங்குனேன், தயாரிச்ச தேதிய ஃபோன்லயே படிச்சு காட்ட சொல்லி, மூணு மாசம் தான் பழசு, நாலும் செவப்பு, பழைய பெட்டியையும் எடுத்துக்கிட்டாங்க, விலை கொஞ்சம் கூட. மொத கடைக்கு அஞ்சுக்கு ரெண்டு, ரெண்டாவது கடைக்கு நாலு, சரக்குக்கு நாலர, அந்த அரை மார்க்கு தமிழ்ல எழுதுனா குடுத்துடறேன். தடைக்காலம் முடிஞ்சு போட்டு எறக்கற அன்னிக்கு, எல்லாரையும் ஒக்கார வச்சு ஒரு காலிக் குழாய கைல குடுத்து மூடிய திருக வச்சேன், நாப்பது வருஷம் கடல் பாத்த மாமா தான் மொத தடவ தப்பு மூடிய திருகுனாரு, பசங்க சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு, அப்புறம் ரெண்டு தடவ சரியா செஞ்சு காட்டுனாரு.

பொகை டப்பா ரெண்டும் இன்னும் பிரிக்கவே இல்ல, அதனால அத பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. இப்ப சித்தப்பா பைபர் படகுக்கு ரெண்டு கை ஃப்ளேரும் ஒரு பொகை டப்பாவும் வேணும்னு கேட்டிருக்காரு, கடைக்காரர்கிட்ட தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்ப சொல்லியிருக்கேன், ரெண்டு நாளாச்சு, ப்ளூ டிக் மட்டும் விழுந்திருக்கு.